உயர்வு நவிற்சிக்கு ஓர் உதாரணம்

எங்கள் தமிழ் வாத்தியாருக்கு உதாரணப் பைத்தியம். உவமை, உருவகம் என்று ஓர் அணியை நடத்தி முடித்தால் போதும், மறுநாள் ஆளுக்கோர் உதாரணத்தோடு வர வேண்டும். புத்தகத்தில் இருப்பது செல்லாது. வீட்டில் யாராவது வாயால் சொன்னதாக இருக்க வேண்டும். இந்த மனிதருக்காக நான் எத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டு திரிவது? உள்ளதை உள்ளபடி சொல்லாமல் ஏற்றிச் சொல்வது உயர்வு நவிற்சி என்று அவர் நடத்திய அன்றுதான் சின்னம்மா இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கை. இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி, புருஷனோடு கிளம்பினார். வழியனுப்பத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பாதிப் பேர் ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தோம். கோச்சி வந்து நின்றதுதான் தாமதம், அம்மா தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்.

எனக்கு மானம் போயிற்று. செத்த வீட்டில் பாடுவதை உயிரோடு நிற்கிற மனுஷிக்குப் பாடினால் என்ன அர்த்தம்? முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டுக் குரலை இன்னும் உயர்த்தினார்.

"பொன்னே நீ போற தெச
போயி நான் பாப்பேனா – இந்தக்
கண்ணு ரெண்டும் மூடுமுன்ன
காணத்தான் போறேனா"

அப்பாவுக்கும் பொறுக்கவில்லை. "அழுவாத புள்ள. அடுத்த தீவாளிக்கு நாம போயி பாத்துட்டு வருவோம்" என்றார். ஒருவராவது ஒழுங்காகப் பேசுகிறாரே என்றிருந்தது. அம்மா கேட்டால்தானே.

போகட்டும், உதாரணம் கிடைத்துவிட்டது. மறுநாள் முதல் ஆளாக எழுந்து அந்த ஒப்பாரியைச் சொன்னேன். இதில் எது ஏற்றிச் சொன்னது என்று வாத்தியார் கேட்டார். நடத்தியவருக்கே இது தெரியாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இனிமே பாக்கவே முடியாதுங்கிற மாதிரி பாடுறாங்க சார். அடுத்த தீவாளிக்கு நாங்க போறோம்."

அவர் "உக்காரும்மா" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன் அண்ணன் பசியில் மலையையே தின்பேன் என்றதாகச் சொல்லிச் சபாஷ் வாங்கிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

அம்மா கண்ணை மூடும்வரை சின்னம்மாவைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் உள்ளதை உள்ளபடி சொன்னவர் அம்மாதான். ஏற்றிச் சொன்னவர் அப்பா. தெரிந்தேதான் சொன்னார் என்பது அம்மாவுக்குப் புரிந்திருந்தது, வாத்தியாருக்கும் புரிந்திருந்தது. தீவாளிக்குப் போகப் புதுப் பாவாடை கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தவள் நான் மட்டும்தான்.