பூ பிரேக் அண்ணனின் சால்வை

டிப்போவில் அவருக்குப் பூ பிரேக் அண்ணன் என்று பெயர். அவர் பிரேக் போட்டால் பேருந்து நின்றதே தெரியாது. அயர்ந்து தூங்கிக்கொண்டு வந்தவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, பிறகு எழுந்து வந்து அவரையே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். அந்தத் திட்டையெல்லாம் அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார். தன் கைகள்மேல் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகப்படும் வேலையை அவர் மனைவி பார்த்துக்கொண்டார்.

மனைவி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கொஞ்சல் கொஞ்சம் முற்றிப்போனால் அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுவார்.

டீச்சருக்குக் குறை சொல்லத் தெரியாது. அதுதான் தொல்லை. கல்யாணமான புதிதில் அண்ணன் சமையலறைக்கு ஓர் அலமாரி செய்து மாட்டினார். "நல்லாருக்குங்க" என்றார் டீச்சர். அடுத்த வாரம் அண்ணன் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் தச்சர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வேறொரு அலமாரி சுவரில் நேராக நின்றது. பிறகொரு விடுமுறையில் படுக்கையறைக்குப் பெயின்ட் அடித்தார். "நல்லாருக்குங்க." பெயின்டர் வந்தார். ஜன்னல் திரைகளுக்கு ஓரம் மடித்துத் தைத்தார். அவை அடுத்த தெருத் தையல்காரம்மா வீட்டுக்குப் போய், பிரிக்கப்பட்டு, ஒழுங்காகத் தைக்கப்பட்டுத் திரும்பி வந்தன.

சண்டை போடவாவது ஒரு வார்த்தை வேண்டாமா? 'கோணலா இருக்கு' என்று டீச்சர் ஒரு தரம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், அண்ணன் நாலு கத்து கத்திவிட்டு ஆறிப்போயிருப்பார். அந்த 'நல்லாருக்குங்க'வை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னதான் செய்வது? ஊரையே அலுங்காமல் ஏற்றி இறக்குகிற கை, வீட்டில் மட்டும் செல்லுபடியாகவில்லை. தான் செய்த ஒரே ஒரு பொருளையாவது இன்னொருவர் கை படாமல் அவள் நாலு பேர் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை, வருஷம் ஆக ஆக, அவருக்குள் உரம் ஏறிக்கொண்டே போனது.

இதற்கிடையில் டாக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொன்னார். அண்ணன் அன்றைக்கே நிறுத்திவிட்டார். வீம்புக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. ஆனால் கடைசி நிறுத்தத்தில் வண்டி காத்து நிற்கும் நேரத்தில் கைகள் சும்மா இருக்க மறுத்தன. ஸ்டீயரிங்கில் தாளம் போட்டன. மீசையை முறுக்கின. கண்டக்டரின் விசிலைப் பிடுங்கி ஊதின.

"அண்ணே, கைக்கு ஏதாவது வேலை குடுங்க" என்று கும்பிட்டார் கண்டக்டர். "இல்லன்னா பேசாம சிகரெட்டையே பிடிச்சிடுங்க. என்னால முடியல."

டீச்சருக்குப் பொத்தான் வாங்கப் போன நூல் கடையில்தான் அந்த வேலை அகப்பட்டது. கல்லாவில் இருந்த பெண் வாடிக்கையாளரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கையைக் குனிந்துகூடப் பார்க்காமல், குரோஷா பின்னிக்கொண்டிருந்தாள். முனையில் சின்னக் கொக்கி வைத்த ஒற்றை ஊசி. அது உள்ளே போனது, நூலைப் பிடித்தது, வெளியே வந்தது; ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணி விழுந்தது. பார்க்காமலே கியர் மாற்றுகிறவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. பொத்தானோடு ஓர் ஊசியும் நூல்கண்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கை ஓடிவிட்டது. கியர் கம்பிக்கு ஒரு தொப்பி, தண்ணீர் பாட்டிலுக்கு ஓர் உறை, கண்டக்டரின் சில்லறைக்கு ஒரு பை. டிப்போ விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணே, பஸ்ஸுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடுறதுதானே?" என்றான் ஒரு மெக்கானிக்.

"அளவு எடுத்துட்டு வா, போட்டுடலாம்" என்றார் அண்ணன், ஊசியை நிறுத்தாமலே.

அந்தச் சமயத்தில்தான் டீச்சருக்கு ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. பள்ளி அரங்கத்தில் விழா, மேடையில் நாற்காலி. "அந்த நாற்காலிக்கு நேர் மேலதான் ஏசி இருக்கு. பேசறதுக்குள்ள எனக்குப் பல்லு கிட்டிடும்" என்று டீச்சர் சாப்பிடும்போது சொன்னார். அண்ணன் இதற்காகவே காத்திருந்தவர்போல வாயைக் கொடுத்துவிட்டார்.

"நான் ஒரு சால்வை பின்னித் தர்றேன். சும்மா சால்வை இல்ல, லேஸ் சால்வை. அதைப் போட்டுக்கிட்டு உக்காரு."

டீச்சர் ஒரு வாய் மென்று முழுங்கிவிட்டு, "சரிங்க" என்றார். அந்த 'சரிங்க'வுக்குப் பின்னால் தையல்காரம்மாவின் மிஷின் ஓடும் சத்தம் அண்ணன் காதில் தெளிவாகவே கேட்டது. கேட்கட்டும் என்று மறுநாளே மயில்கழுத்து நிறத்தில் மெல்லிய பருத்தி நூலாகப் பார்த்து வாங்கினார்.

லேஸ் பின்னல் என்பது பாதி நூல், பாதி ஓட்டை. எங்கே நூல் வர வேண்டுமோ அங்கே நூலும், எங்கே ஓட்டை வர வேண்டுமோ அங்கே ஓட்டையும் வர வேண்டும். அண்ணன் தேர்ந்தெடுத்தது விசிறி விசிறியாக விரியும் ஒரு வடிவம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள் என்று வீடியோவில் பின்னிக் காட்டிய பெண் கெஞ்சினாள். எண்ணுவதெல்லாம் கண் பழகாதவர்களுக்கு என்று அண்ணன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஊசி பறந்தது. மடியில் சால்வை வளர்ந்தது. கடைசி நிறுத்தத்தில் டீ விற்பவரிடம்கூடத் தூக்கிக் காட்டியாயிற்று.

ஒருநாள் கண்டக்டர் அதன் இரண்டு முனைகளையும் பிடித்து விரித்துப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, ஆரம்பத்துல ரெண்டு பஸ் போற ரோடு மாதிரி இருந்துச்சு. இங்க வரும்போது சைக்கிள்கூடப் போகாது போலிருக்கே?"

அண்ணன் பிடுங்கிப் பார்த்தார். உண்மைதான். சால்வை வரிசைக்கு வரிசை குறுகிக்கொண்டே போயிருந்தது. வரிசை முடிந்து திரும்பும்போதெல்லாம் ஓரத்துக் கண்ணியை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஏன் என்று யோசித்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை ஓரத்தில் உரசாமல் திருப்ப வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பழகிய கை அது. ஓரம் வந்ததும் அது தானாகவே ஒதுங்கித் திரும்பிவிட்டது.

வேறு யாராவதாக இருந்தால் மூக்குடைபட்டதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். அண்ணன் ஊசியை உருவிவிட்டு நூலை ஒரே இழுப்பாக இழுத்தார். சால்வை மளமளவென்று பிரிந்து கண்டக்டரின் கையில் மறுபடி உருண்டையாயிற்று.

"ரூட்டு தப்பிடுச்சு. ரிவர்ஸ் எடுக்கிறதுல என்ன வெட்கம்?" என்றார்.

இந்தத் தடவை ஒவ்வொரு வரிசையின் ஓரக் கண்ணியிலும் ஒரு சிவப்பு நூல் துண்டைக் கட்டினார். "இது நிறுத்தம். இங்க நிக்காம திரும்பக் கூடாது" என்று கண்டக்டருக்கு விளக்கம் வேறு. சால்வை ஓரம் பிசகாமல் நேராக நீண்டது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது பார்த்து அவரை மார்க்கெட் ரோட்டுக்கு மாற்றினார்கள். அந்த ரோட்டில் தள்ளுவண்டிக்காரர், மூட்டைக்காரர், குறுக்கே பாயும் ஸ்கூட்டர் எல்லோருக்கும் தனித்தனியாகச் சாலை விதிகள் உண்டு. பூ பிரேக்கை அங்கே யார் மதிக்கிறார்கள்? அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கடைசி நிறுத்தத்துக்கு வந்ததும் அதே கடுப்போடு ஊசியை எடுத்தார்.

சில நாள் கழித்துத் தடவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கட்டியாக, சுருங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது. கண்ணிகளின் எண்ணிக்கை சரி. விசிறிகளும் சரி. கைதான் இறுகிப்போயிருந்தது. ஸ்கூட்டர்காரர்களின் கழுத்துக்குப் போக வேண்டிய கோபம் முழுவதும் நூலுக்குப் போயிருந்தது.

மறுபடி பிரிக்க நாள் இல்லை. அதனால் அண்ணன் தனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். வண்டியை நிறுத்தி, முகம் கழுவி, ஒரு டீ குடித்து, மனசு ஆறின பிறகுதான் ஊசி. கை பழையபடி இளகியது. சுளித்த இடம் மட்டும் ஒரு மூலையில் அப்படியே தங்கிவிட்டது.

கடைசிக் கண்ணியைப் போட்டு நூலை வெட்டி, மடியில் விரித்துப் பார்த்தார். முழுசாக முடிந்த சால்வை, வீடியோவில் பார்த்த சால்வை மாதிரி இல்லவே இல்லை. விசிறிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தன. ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உதறினார், மடித்தார், உட்கார்ந்திருந்த சீட்டு மெத்தைக்கு அடியில் வைத்துக்கூட அழுத்தினார். அது கசங்கிய துணியாகவே கிடந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விழாவுக்கு மூன்றே நாள்தான் இருந்தது. கண்டக்டரிடம்கூட வாயைத் திறக்காமல், காலை ஷிப்ட் முடிந்ததும் அதை டாஷ்போர்டில் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது, வண்டி கழுவும் அம்மா முன் கண்ணாடியைத் துலக்கி முடித்து, துடைப்பதற்காக மயில்கழுத்து நிறத்தில் எதையோ வாளியில் முக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா! ஏம்மா!" என்று அண்ணன் போட்ட கூச்சலில் டிப்போவே திரும்பிப் பார்த்தது.

"ஐயோ, பழைய துணின்னு நெனச்சுட்டேன் அண்ணே!"

அந்த அம்மா பாவம், பொய் சொல்லவில்லை. அண்ணனும் அப்படித்தான் நினைத்திருந்தார். அதனால்தான் அந்த வார்த்தை அப்படிச் சுட்டது. கோபிக்கக்கூடத் தோன்றாமல் சால்வையை வாங்கி, குழாயடியில் சோப்பு போக அலசினார். எங்கே காயப்போடுவது? எங்கே பார்த்தாலும் கிரீஸும் புழுதியும். டிப்போ முழுக்கச் சுத்தமாக இருந்த ஒரே இடம், அப்போதுதான் கழுவிய பேருந்தின் முன் கண்ணாடி. ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, ஈரச் சால்வையை அதன்மேல் ஒட்டி, சுருக்கம் போக நான்கு பக்கமும் இழுத்து இழுத்து விட்டார். கீழ் ஓரத்தை வைப்பர்களால் கவ்வ வைத்தார். அவர் நினைத்ததெல்லாம் சீக்கிரம் காய வேண்டும் என்பது மட்டும்தான்.

"அண்ணே" என்று வண்டிக்கு உள்ளேயிருந்து கண்டக்டரின் குரல் வந்தது. அதில் கிண்டலே இல்லை. "கொஞ்சம் உள்ள வந்து பாருங்க."

அண்ணன் ஏறித் தன் இருக்கையில் உட்கார்ந்தார். எதிரே கண்ணாடி முழுக்க விசிறிகள் விரிந்திருந்தன. ஒன்றுகூட விடாமல் எல்லாம் வாயைத் திறந்திருந்தன. ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் வெயில் வந்து ஸ்டீயரிங்கிலும் அவர் கைகளிலும் விழுந்தது. லேஸை நனைத்து இழுத்துக் காயவைத்தால்தான் அது லேஸ் ஆகும் என்பதை வீடியோவின் கடைசியில் அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வீடியோவைக் கடைசிவரை பார்க்கிற பழக்கம் அண்ணனுக்கு ஏது?

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் சொன்னேனே" என்றார், இப்படி விரியும் என்று யாரிடமும் சொல்லியே இராத அந்த மனுஷன்.

வண்டி கழுவும் அம்மா ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இதைப் போயா துணின்னு சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மெக்கானிக் ஸ்வெட்டரைப் பற்றிப் பேசவில்லை. காயும்வரை யாரும் அந்தப் பேருந்தைத் தொடவும் இல்லை.

வீட்டில் டீச்சர் சால்வையை மடியில் விரித்தார். காலமெல்லாம் விடைத்தாள் திருத்திய விரல்கள் வரிசை வரிசையாக ஊர்ந்து போயின. சுளித்த மூலை வந்ததும் நின்றன.

"இங்க என்னங்க ஆச்சு?"

"அது மார்க்கெட் ரோடு" என்றார் அண்ணன். பிறகு முழுக் கதையையும் சொன்னார். குறுகிப்போன ரோடு, சிவப்பு நிறுத்தம், ஸ்கூட்டர்காரர்கள், வாளி, ஒன்றும் விடவில்லை. டீச்சர் சிரிக்காமல் கேட்டார். கடைசியில், "நல்லாருக்குங்க" என்று மடித்து அலமாரியில் வைத்தார்.

அந்த ஒரு வார்த்தையில் அண்ணனுக்கு மனசு விட்டுப்போயிற்று. மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் தையல்காரம்மாவின் செருப்பைப் பார்த்தார். உள்ளே போகாமல் தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பினார்.

விழா அன்று காலை அவரே முந்திக்கொண்டார். அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் அல்லவா?

"அந்த மூலையைத் தையல்காரம்மா சரி பண்ணிட்டாங்களா?"

"பிளவுஸ் குடுக்க வந்தாங்க. காட்டினதும் பண்ணித் தர்றேன்னாங்க" என்றார் டீச்சர், கண்ணாடி முன் நின்று சால்வையை விரித்தபடி. "பிரிச்சு, அந்த இடத்துல வேற துணி வச்சுத் தைச்சா தெரியாதாம்."

"அப்ப குடுத்திருக்கலாமே."

"இதுல வேற யார் கையும் படக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

டீச்சர் சால்வையைத் தோளைச் சுற்றிப் போர்த்தினார். சுளித்த மூலை முதுகுப் பக்கம் போயிருந்தது. அதைக் கவனித்துக் கையால் பிடித்து இழுத்து, முன்பக்கம் நெஞ்சுக்கு நேராக விட்டுக்கொண்டார்.

"ஐயோ, அதை ஏன் முன்னாடி விடற? எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். கேட்டா, மார்க்கெட் ரோடுன்னு சொல்வேன்" என்றார் டீச்சர். "கிளம்புங்க, நேரமாச்சு."