ஹால்வர் காட்டிய மேட்டுவழி

ஹால்வர் ஸ்டென்ஸ்ருட்டுக்கு அறுபத்திரண்டு வயது. அதில் ஐம்பது வருஷமாக, சேற்றில் மாட்டின வண்டிகளை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறார். வடக்கு டகோடாவின் மேற்குக் கோடியில் மழை பெய்தால் களிமண் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். சக்கரம் இறங்கினால் இறங்கினதுதான். யாருடைய வண்டி என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. டிராக்டரை எடுத்து, சங்கிலியை மாட்டி இழுத்துவிட வேண்டும். காசு நீட்டினால் முறைக்க வேண்டும். தன்னோடு மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்துப் பண்ணைக்காரனைக்கூட ஹால்வர் ஒரு வார்த்தை பேசாமல் இழுத்துவிட்டிருக்கிறார்.

அவருக்கு இருநூறு மாடுகள். குளிர்காலத்தில் குட்டையெல்லாம் கல்லாய் உறைந்தபிறகும் உறையாத தண்ணீர் பண்ணையில் ஒன்றே ஒன்று, மேட்டுக்கு அடியில் இருக்கும் ஊற்று. காற்று அடிக்காத பள்ளம் அது. மார்ச் மாதம் மாடுகள் கன்று போடுவதும் அங்கேதான். அந்த ஊற்று போனால் மாடுகளை விற்றுவிட்டு டவுனுக்குக் குடிபோக வேண்டியதுதான்.

நிலம் அவருடையது என்றாலும் மேல்மண் மட்டும்தான் அவருடையது. தாத்தா வாங்கின காலத்திலேயே, விற்ற வங்கி அடியில் இருப்பதெல்லாம் தனக்கு என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டது. அடியில் என்ன இருக்கப்போகிறது, இன்னும் கொஞ்சம் களிமண் என்று தாத்தா கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த அடிமண் கைமாறிக் கைமாறி, அரிசோனாவில் இருக்கிற ஒரு பல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் இந்தப் பக்கம் கால் வைத்ததே கிடையாது. அவர்தான் எண்ணெய்க் கம்பெனிக்குக் குத்தகை கொடுத்தார். அடிமண்ணை வைத்திருப்பவன் எண்ணெய் எடுப்பதற்கு எவ்வளவு மேல்மண் வேண்டுமோ அவ்வளவையும் தோண்டலாம், சாலை போடலாம். சட்டம் அப்படி.

"ஊர்க்காரன் பல்லைத் துளைக்கிறது போதாதுன்னு என் மேய்ச்சலையும் துளைக்க வந்துட்டான்" என்று ஹால்வர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் எண்ணெய்க் கிணற்றுக்குக் கம்பெனி முதலில் முளைக்குச்சி அடித்தது தெற்கு வெளியில். உப்புப் பூத்த தரை, புல்லே முளைக்காது, ஊற்றிலிருந்து அரை மைல் தள்ளி. தொலையட்டும், அங்கேதானே என்று ஹால்வர் மனசை ஆற்றிக்கொண்டார்.

மே மாதம் ஒரு மழைக்கு அப்புறம், தெற்கு வெளியில் ஒரு வெள்ளை பிக்கப் அச்சுவரை இறங்கிக் கிடந்தது. அதில் வந்தவர் கம்பெனியின் நில அளவைக்காரர், டெக்சாஸ் ஆள், பெயர் கோல்பி. முழங்கால்வரை சேறு. ஹால்வர் சங்கிலியை மாட்டி இழுத்துவிட்டார். அத்தோடு வந்திருக்கலாம். பாவமாக இருந்தது போல. ஜூன் வரைக்கும் தெற்கு வெளி காயாது, மேட்டுமேல் போனால் அடியில் சரளை, எந்த மழைக்கும் வண்டி இறங்காது என்று சொன்னார். சொன்னது போதாதென்று டிராக்டரில் முன்னால் போய், ஊற்றைத் தாண்டி வழியும் காட்டினார். வீட்டில் அவர் மனைவி ஆர்டிஸ் காபியும் கேக்கும் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கிணறு இடம் மாற்றப்பட்டிருக்கிறது. புது இடம், ஊற்றுக்கு நேர்மேலே, மேட்டில்.

பேச வந்த கம்பெனி ஏஜெண்ட் ப்ரூட், சேறு படாத பூட்ஸ் போட்டிருந்தார். ஹால்வர் குரலை உயர்த்தாமல்தான் ஆரம்பித்தார். பழைய இடத்துக்கே போங்கள், வேண்டுமானால் வேலியைப் பிரித்துத் தருகிறேன் என்றார்.

"சார், தெற்கு வெளியில லாரி போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க ஆளு எழுதியே வச்சிருக்காரு."

"சேத்துல மாட்டுனவனுக்கு வழி சொன்னேன்யா. கிணறு தோண்டச் சொன்னேனா?"

"நல்ல வழி சார். அதான் அங்க வர்றோம்."

"காபி இன்னும் வேணுமா?" என்று கேட்டாள் ஆர்டிஸ். அந்த வீட்டில் கேட்டுவிட்டு யாருக்கும் காபி ஊற்றினதில்லை; கேட்டால் கிளம்பு என்று அர்த்தம். ப்ரூட் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஹால்வர் போய்ப் பார்த்த வக்கீல், வழக்குப் போடலாம், ஆனால் கிணறு அதற்காக நிற்காது என்றார். பல் டாக்டருக்கு ஹால்வர் இரண்டு பக்கம் எழுதினார். விவரங்களுக்குக் கம்பெனியைக் கேட்கவும் என்று ஒரு வரி பதில் வந்தது.

அந்த வருஷமே மேட்டில் செங்கல் நிறத்தில் சரளைச்சாலையும் கிணறும் வந்தன. அடுத்த மார்ச்சில் மேட்டு மண் கரைந்து இறங்கி ஊற்று டீத்தண்ணீர் மாதிரி ஓடியது. லாரிச் சத்தத்தில் மாடுகள் பள்ளத்துக்கு இறங்கவே இல்லை. காற்றடிக்கிற திறந்தவெளியில் கன்று போட்டதில் பதினொன்று விறைத்துச் செத்தன. ஹால்வர் டிராக்டரில் தொட்டி கட்டித் தண்ணீர் சுமந்தார்.

"நீ வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்" என்றாள் ஆர்டிஸ்.

"மாட்டிக்கிட்டவனை அப்படியே விட்டுட்டு வரச் சொல்றியா?"

"இழுத்துவிடு, யாரு வேணாங்கறா? முன்னாடி போயி ஊர்வலம் நடத்தச் சொன்னேனா?"



ஏப்ரலில் ஒருநாள் காலை, ஒரு டேங்கர் லாரி சரளைச்சாலையின் ஓரம் சறுக்கிக் களிமண்ணில் உட்கார்ந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஹால்வர் ஜன்னலில் பார்த்துக்கொண்டு ஒரு கப் காபியை முழுசாகக் குடித்தார். அப்புறம் இன்னொரு கப். அவர் எழுந்து ஜாக்கெட்டை மாட்டினார்.

டிராக்டரைக் கொண்டுபோய் லாரிக்குப் பின்னால் நிறுத்தி, பின்கொக்கியில் சங்கிலியை மாட்டினார்.

"கிணறு அந்தப் பக்கம் சார்" என்றான் டிரைவர்.

"எனக்குத் தெரியாதா?"

லாரியைச் சாலையிலேற்றியதோடு அவர் நிறுத்தவில்லை. ஒரு மைல் பின்னோக்கியே இழுத்துப்போய், பண்ணைக்கு வெளியே கவுண்டி சாலையில் விட்டுச் சங்கிலியைக் கழற்றினார். பண்ணைக் கேட்டை இழுத்துச் சாத்தினார். இப்போது எந்த வழியாகப் போவது என்று டிரைவர் கேட்டான்.

"நான் யாருக்கும் வழி சொல்றதில்ல."

டிராக்டர் வீட்டுக்கு வந்து சேருவதற்குள், பின்னால் கேட் திறந்து கிடந்தது. லாரி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு இறங்க வந்த நாலு மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தன. ஹால்வர் டிராக்டரிலிருந்து இறங்கவில்லை. அப்படியே தண்ணீர்த் தொட்டியை மாட்டப் போனார்.