கொசுவலைக் கடை

இன்று காலை லிஃப்டில் எதிர்வீட்டுப் பையன் ஏறினான். நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வந்திருக்கிறான். கண்ணுக்குக் கீழே தைலம் பளபளத்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியது. தைலமெல்லாம் வேலைக்கு ஆகாது தம்பி என்று சொல்ல வாயெடுப்பதற்குள், சாய்ந்தபடியே கண்ணை மூடிவிட்டான்.

தூக்கம் வராமலிருக்க நாங்களும் அதைத் தடவியவர்கள்தான். நாங்கள் என்றால் நானும் என் சிநேகிதன் சேகரும். சோழிங்கநல்லூரில் ஒரு கால் சென்டரில் விடிய விடிய வெள்ளைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் உத்தியோகம். அதில் நான் கெட்டிக்காரன். வீட்டில் மட்டும் அது வராது. கம்பெனி வண்டி ஊரெல்லாம் சுற்றித்தான் இறக்கிவிடும் என்பதால், சேகரின் பைக்கிலேயே தாம்பரம் திரும்புவோம். எனக்கு வண்டி ஓட்ட வராது. பின்னால் உட்கார்ந்து அவனைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

தைலம், டீ, முகத்தில் பச்சைத் தண்ணீர் எல்லாம் மேடவாக்கம் வருவதற்குள் தீர்ந்துபோகும். அதனால் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். ‘அடுத்த கடை?’ என்று நான் கேட்பேன். கடை கண்ணில் படுமுன் அவன் சொல்லிவிட வேண்டும். கறிக்கடை, மாவு மில், பிளைவுட் கடை என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பான். காலேஜில் அரியருக்கு மேல் அரியர் வைத்த பயல், அந்த ரோட்டை மட்டும் மனப்பாடம் பண்ணிவைத்திருந்தான்.

ஒருநாள் எனக்குப் பயம் வந்து, தூக்கமாக இருந்தால் ஓரங்கட்டிவிடலாமே என்றேன்.

“பதில் வர்ற வரைக்கும் நான் முழிச்சிகினு கீறேன்னு அர்த்தம், மச்சான்.”

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. உங்களுக்கும் பட்டிருக்கும், இல்லையா?

அன்றைக்கும் கேட்டேன். “கொசுவலை” என்றான். சரியான பதில். சொன்ன கையோடு, ஓரமாக நின்றிருந்த தண்ணீர் லாரியில் பைக் போய் மோதியது. அவன் பிரேக்கே பிடிக்கவில்லை. மனப்பாடம் ஆனது தூக்கத்திலும் வாயில் வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. சேகர் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அவன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“எம்புள்ள கடைசியா இன்னா சொன்னான், கண்ணு?”

அம்மா என்றான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய், உள்ளதைச் சொல்லிவிட்டது. அவர் அழவில்லை. அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அடிக்கடி பஸ் ஏறி மேடவாக்கம் போய், அந்தக் கடை போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்வாராம். சும்மா உட்காரக் கூச்சப்பட்டு, ஒரே ஜன்னல் உள்ள வீட்டுக்கு வலை வாங்கிக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஏன்தான் உயிரோடு இருக்கிறோம் என்றிருக்கும்.

பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். கறிக்கடை போயிற்று, மில் போயிற்று. போன மாதம் சேகரின் அம்மா போன் செய்தார். பின்னால் ஒரே லாரி இரைச்சல்.

“கண்ணு, நம்ம கடைய காணோமே. எங்க இருந்துச்சுன்னு சொல்லு.”

போட்டது போட்டபடி ஓடினேன். வெயிலில் இரண்டு பேரும் அந்த ரோட்டில் மேலும் கீழும் நடந்தோம். எனக்கும் இடம் தெரியவில்லை.