மழுங்கிய நட்டும் முகூர்த்தப் புடவையும்

இன்று காலை ஆரணியில் ஒரு பட்டுப்புடவை வியாபாரி தன்னை மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டான். அது நான்தான்.

என் வேனின் முன்சக்கர பிரேக் ஹோஸில் விரிசல். புது ஹோஸ் கையில் இருந்தது. மாட்டிவிட்டால் மதியத்துக்குள் சேத்துப்பட்டுக் கல்யாண வீட்டில் முகூர்த்தப் புடவையைக் கொடுத்துவிடலாம். ஒரு நட்டுதானே என்று வண்டிக்கடியில் படுத்தேன்.

நட்டு துருப்பிடித்து அசையவில்லை. கையில் கிடைத்த ஸ்பேனரைப் போட்டுக் காலால் உதைத்தேன். ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனையெல்லாம் மழுங்கிவிட்டது. கூடவே அந்த நட்டு பிடித்திருந்த பிரேக் பைப்பும் முறுக்கிக்கொண்டது.

மெக்கானிக் பாய் வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாண்ணே இவ்ளோ ஜல்தி? எண்ணெய் அடிச்சி, லேசா தட்டி, ஊற வுட்டிருந்தா தானா வந்திருக்கும். இப்ப பைப்பையே மாத்தணும். சாயந்தரம் ஆவும்."

பின்னால் நின்ற என் மனைவி சும்மா இருப்பாளா?

"கடைக்கு வர்ற தறிக்காரங்களுக்கெல்லாம் இவருதான், பாய், கிளாஸ் எடுப்பாரு. சிக்கு விழுந்த இழையை இழுக்காதீங்க, பொறுமையா எடுங்கன்னு!"

பாய் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

இதைச் சேத்துப்பட்டு பஸ்ஸில், புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெண்ணின் அப்பா மூன்று முறை போன் செய்துவிட்டார். "வந்துகினே இருக்கேங்க" என்றேன். எதில் என்று சொல்லவில்லை.

பிரேக் பிடித்தால் வண்டி நிற்க வேண்டும். நான் கைவைத்ததில் பிரேக்கே இல்லாமல் நின்றுவிட்டது. இதைவிடத் திறமைசாலி யாராவது இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள், எனக்கும் துணைக்கு ஆள் வேண்டும்.