சாப்பிட்டாச்சு என்றார்

வயதானவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு இந்த மலையைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு வேன், நானே சாரதி, நானே வழிகாட்டி. இளசுகள் வந்தால் எனக்குப் பாதி வேலைதான். வளைவு வந்தால் கத்துவார்கள், நீர்வீழ்ச்சியைப் பார்த்தால் படம் எடுப்பார்கள், பசித்தால் வாய்விட்டுக் கேட்பார்கள். எழுபதைத் தொட்டவர்கள் அப்படி இல்லை. முழங்கால் வலித்தாலும் சொல்லமாட்டார்கள், அவசரமாக ஒண்ணுக்குப் போகவேண்டியிருந்தாலும் சொல்லமாட்டார்கள். "ஒன்னும் இல்ல தம்பி, நீங்க ஓட்டுங்க" என்பார்கள். அந்த "ஒன்னும் இல்ல"வைக் கேட்டாலே நான் வண்டியை ஓரங்கட்டிவிடுவேன்.

அதனால் சில பழக்கங்களை நானே வைத்துக்கொண்டேன். ஏறி இறங்க வேனில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் கிடக்கும். மழை பெய்த அன்று யாரையும் தேயிலைக்குள் இறக்கமாட்டேன். அட்டை கடித்தால் கூடப் பரவாயில்லை, வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். நுவரெலியாவிலிருந்து நோர்வூட் வரை எந்தக் கடையில் கழிவறை சுத்தமாக இருக்கும், எதில் கைப்பிடி இருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. "மத்தவங்க நீர்வீழ்ச்சிய காட்டுறாங்க, நீங்க கக்கூச காட்டுறீங்க" என்று என் வீட்டுக்காரி கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். எனக்கும் வயதாகிறது, எனக்கும் சீனி வியாதி இருக்கிறது. மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா என்று அவள் என்னைத் துரத்தாத நாள் கிடையாது.

இவ்வளவு உஷாராக இருந்தும் ஒரு தடவை ஒரே ஒரு சொல் என்னைக் கவிழ்த்துவிட்டது.

அவர்கள் திருச்சிப் பக்கத்துத் தம்பதி. அவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுகிற மனிதர். அந்தம்மா ஒரு பையை மடியை விட்டு இறக்கவே மாட்டார். மாத்திரை, சுக்கு, எலுமிச்சம்பழம் எல்லாம் அதற்குள் இருந்தன. ஏற்பாடு முழுக்க அமெரிக்காவில் இருக்கும் மகனுடையது. அவன் அங்கிருந்து போன் பண்ணிப் பண்ணி என்னை ஒரு வழி ஆக்கிவிட்டான். பெல்ட் போடவேண்டும், வேகமாகப் போகக்கூடாது, ஹோட்டலில் படி இருக்கக்கூடாது. "அப்பாவுக்கு சுகர் மட்டும்தாங்க, கன்ட்ரோல்ல இருக்கு, அம்மா பாத்துப்பாங்க" என்றான். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

என் பேச்சைக் கேட்டதும் அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அட, எங்க ஊர்ப் பேச்சாவே இருக்கே!" என்றார். "தாத்தா காலத்துல தேயிலைத் தோட்ட வேலைக்கு அங்க இருந்து வந்தவங்கதானே நாங்க" என்றேன். அதிலிருந்து அவர் எனக்கு அக்கா மாதிரி ஆகிவிட்டார். ஐயா என்னைத் தம்பி என்றே கூப்பிட்டார். தலை நரைத்த பிறகும் தம்பி என்று கூப்பிட ஆள் இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

அவர்கள் சுத்த சைவம். நுவரெலியாவில் தங்கிய இடத்தில் முதலிலேயே சொல்லிவைத்திருந்தேன். "மரக்கறிதான், பயப்படாதீங்க" என்றார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. ஐயாவுக்குச் சம்பல் ரொம்பப் பிடித்துப்போய் இரண்டாம் தடவையும் வாங்கினார். "இதுல ஏதோ ஒரு வாசனை இருக்கே தம்பி, என்னது?" என்று என்னைக் கேட்டார். நான் வாயில் வைத்துப் பார்த்தேன். ஐயோ கடவுளே, மாசி!

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "மாசி போட்டிருக்காங்கய்யா" என்றேன்.

"மாசின்னா?"

"காஞ்ச மீனுங்க. இடிச்சுப் போடுவாங்க."

சமையல்காரனைக் கூப்பிட்டுக் கிழித்தேன். அவன் முழித்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த நாட்டில் மாசியை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை, அது உப்பு, மிளகாய் மாதிரி ஒரு சாமான். ஐயா கத்தவில்லை. தட்டை மெல்லத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவப் போனார். "தெரியாம நடந்துச்சு, விடுங்க தம்பி" என்றார். அந்தப் பெருந்தன்மைதான் மறுநாள் வினையானது.

காலையில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இருவரும் இறங்கி வந்தார்கள்.

"சாப்பிட்டீங்களா ஐயா?"

"ஆச்சு தம்பி."

"மாத்திரை?"

"அதுவும் ஆச்சு."

அந்தம்மாவும் தலையாட்டினார். கிளம்பினோம். அன்றைக்கு அட்டன் வழியாக நோர்வூட் போய் அங்கே ஒரு பங்களாவில் தங்குவதாகத் திட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அட்டனில் ஒரு சைவக் கடையில் சொல்லிவைத்திருந்தேன்.

தலவாக்கலையைத் தாண்டிக் கொட்டகலைக்கு வரும் வழியில் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் மண் சரிந்து மரமும் விழுந்துவிட்டதாம். மழை விட்டிருந்தது, பனிமூட்டம் விடவில்லை. ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம். முதலில் ஐயா அமைதியாகத்தான் இருந்தார். அப்புறம் கண்ணாடியை இறக்கு என்றார். இறக்கினேன். ஏன் இறக்கினாய் என்று எரிந்து விழுந்தார். இரண்டு நாளில் ஒரு தடவை கூடக் குரல் உயர்த்தாத மனிதர்.

"வேனுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கீங்க! நான் நடந்தே போய்க்கிறேன்" என்று கதவைத் திறந்து இறங்கியேவிட்டார். ஸ்டூல் போடக்கூட நேரமில்லை. நேராகப் பள்ளத்துப் பக்கம் நடந்தார். நான் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது, ஆனால் தொப்பலாக நனைந்திருந்தது. நான் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறேன், அவருக்கு நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகுகிறது.

அந்தம்மா எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்தார். "வளைவுல தலை சுத்தியிருக்கும். என்னங்க, இத மோந்து பாருங்க." ஐயா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?" என்று கேட்டார்.

அந்தம்மா கையிலிருந்த பழம் கீழே விழுந்து உருண்டது.

எனக்கு இப்படி ஒரு தடவை வந்திருக்கிறது. கடுங்குளிரில் வியர்த்து, நாக்குக் குழறி, என் வீட்டுக்காரியையே திட்டினேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. "அம்மா, இவருக்கு சீனி இறங்கிருச்சு. உடனே இனிப்பு குடுக்கணும்" என்றேன்.

பாதையோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தோம். "தங்கச்சி, சாயத்தண்ணி ஒன்னு, சீனி நிறைய!" என்று கத்தினேன். பால் விடாத தேநீரைத்தான் இங்கே சாயத்தண்ணி என்போம். கடைக்காரத் தங்கச்சி சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். அந்தம்மா குறுக்கே கை நீட்டி மறித்தார்.

"அவருக்கு சுகர்ங்க! இனிப்பக் கண்ணுலயே காட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். உங்களுக்கு என்ன பைத்தியமா?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. நான் டாக்டர் இல்லை. தவறாகக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? கொடுக்காமல் ஏதாவது ஆகிவிட்டால்? மண் சரிந்து கிடக்கும் பாதையில் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? ஐயாவின் தலை சுவரில் சாயத் தொடங்கியது.

"காலையில என்ன சாப்பிட்டாரும்மா?"

"ஆச்சுன்னாரே, நீங்களும் கேட்டீங்களே!"

"ஆச்சு சரி. என்ன சாப்பிட்டாரு? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

அந்தம்மா யோசித்தார். அவர் மேலே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாராம். ஐயா மட்டும் முதலில் கீழே போய் வந்திருக்கிறார். அந்தம்மா பிறகு போனபோது அங்கே பாண், அதாவது பிரெட், இருந்தது, ஐயா பாண் தொடமாட்டார். இடியப்பமும் சம்பலும் இருந்தன. அந்தம்மாவின் முகம் அப்படியே மாறியது. "கடவுளே, மாசி! மனுஷன் ஒன்னுமே தொட்டிருக்கமாட்டாரு. மாத்திரைய மட்டும் போட்டிருக்காரு!"

எங்கள் பக்கத்துக் கடைகளில் சாயத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கித் தராமல், சிலருக்கு உள்ளங்கையில் தருவார்கள். நக்கிக்கொண்டே குடிக்கவேண்டும். அந்தம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. டப்பாவைப் பிடுங்கி, தன் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, அவர் வாயருகே கொண்டுபோனார். "நக்குங்க. முழுங்குங்க. சொன்னாக் கேளுங்க" என்றார். அவர் குழந்தை மாதிரி நக்கினார். அதற்குள் தங்கச்சி ஆற்றிக் கலக்கிய சாயத்தண்ணியை நீட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தோம். "வருஷக்கணக்கா இந்தக் கையாலதான் சீனி டப்பாவ அவர்கிட்ட இருந்து ஒளிச்சு வெச்சேன்" என்று அந்தம்மா அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். "எதுக்கு எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார்.

அவ்வளவுதான், அந்தம்மா பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. "ஏன்யா சாப்பிட்டாச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். சாரதி பேசுகிற மாதிரி பேசவில்லை, சொந்தத் தம்பி மாதிரி சத்தம் போட்டேன்.

"இல்லைன்னு சொன்னா நீங்க காலங்காத்தால எனக்காகக் கடை கடையாத் தேடுவீங்க. ஏற்கனவே ராத்திரி அந்தப் பையனத் திட்டுனீங்க. உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்?"

"தேடுறதுக்குத்தானேய்யா நான் இருக்கேன்!"

தங்கச்சி உள்ளே போய் ரொட்டி சுட்டு, மாசி போடாத சம்பல் அரைத்துக் கொண்டுவந்தாள். மாசி இல்லை என்று சாமி மேல் சத்தியமும் பண்ணினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மூன்று பேரும் எதிரில் நின்று பார்த்தோம். பாதை திறந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரியில் காட்டினேன். நல்லவேளை என்றார் டாக்டர்.

பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டீங்களா என்று நாம் கேட்பது கேள்வியா? யாரைக் கண்டாலும் கேட்கிறோம். தெருவில் கேட்கிறோம், போனில் கேட்கிறோம், செத்த வீட்டில் கூடக் கேட்கிறோம். அதற்கு ஆச்சு என்பதுதான் மரியாதை. இல்லை என்று சொன்னால் சோறு கேட்ட மாதிரி ஆகிவிடும். நான் வணக்கம் சொல்கிற மாதிரிக் கேட்டேன், அவர் வணக்கம் சொல்கிற மாதிரிப் பதில் சொன்னார். அதில் ஒரு உயிர் போயிருக்கும். தமிழ் தெரியாத வெள்ளைக்காரரிடம் இது நடந்திருக்காது. அவர் பசிக்கிறது என்று சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் சாப்பிட்டீங்களா என்று கேட்பதில்லை. "என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்கிறேன். சிலருக்கு முகம் சுளிக்கிறது. இட்லியா தோசையா என்று துருவுகிறானே என்று நினைப்பார்கள் போல. நினைக்கட்டும்.

போன மாதம் ஒரு காலை, அட்டன் ரயில் நிலையத்தில் வேறு ஒரு வயதான ஜோடிக்காகக் காத்திருந்தேன். ரயில் தாமதம். எந்த நேரத்திலும் வந்துவிடும் என்று நகராமல் நின்றேன். போன் அடித்தது. ஐயா.

"தம்பி, சௌக்கியமா?"

"நல்லா இருக்கேங்கய்யா."

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்கய்யா" என்றது வாய், என்னைக் கேட்காமலே.

ஐயா நிதானமாகக் கேட்டார்: "என்ன சாப்பிட்டீங்க?"

விடியற்காலையில் போட்ட மாத்திரை ஞாபகம் வந்தது. அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. "விடாதீங்க, கேளுங்க" என்று பின்னால் அந்தம்மாவின் குரல் கேட்டது.

"போனை வெச்சிராதீங்கய்யா" என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைக்கு நடந்தேன். "சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."