இடப்பக்கம் திரும்பாத கழுத்து

போன வருஷம் ஓணம் கழிந்த இரண்டாவது வாரத்திலிருந்து என் மனைவி என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பேச்சு நிற்கவில்லை, பார்வைதான் நின்றது. எங்கள் ஸ்ரீவராகம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இடப்பக்கம் என் நாற்காலி. ரசம் வேணுமா என்று எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்பாள். வேணும் என்று நானும் சுவரிடமே சொல்வேன்.

நாளும் கிழமையும் குறித்துவைப்பது என் பழக்கம். எங்கள் தெருவில் எந்த மரம் எந்த மழையில் விழுந்தது, எந்தக் கடை எந்த மாதம் கைமாறியது என்பதெல்லாம் என்னிடம் உண்டு. ஆகவே இந்தக் கோபம் எப்போது ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் பார்த்தேன். அவள் கார் ஓட்டப் பழகத் தொடங்கிய அதே வாரம். “இந்த வயசிலே எதுக்கு இது?” என்று நான் கேட்டதும் அந்த வாரம்தான். காரணம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டேன்.

அவள் உடம்பு முழுவதையும் நாற்காலியோடு என் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். “கோபமா? உங்க மேலேயா? கழுத்து திரும்பலை, அவ்வளவுதான்” என்றாள்.

அவள் கார் ஓட்ட ஆசைப்பட்டதற்குக் காரணம் வித்துரா. பொன்முடி போகும் வழியிலுள்ள அந்த ஊரில், ஒரு வங்கிக் கிளையில் அவள் அதிகாரி. காலையில் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, நெடுமங்காட்டில் மாறிப் போகவேண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்பவேண்டும். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் வயதான பெண்களுக்குத் தமிழ்தான் பேச்சு. கிளையில் தமிழ் தெரிந்தவள் இவள் ஒருத்தி. பணம் எடுக்க வந்தவர்கள் அதோடு எழுந்து போவதில்லை. மருமகள் விஷயம், முட்டுவலி விஷயம் எல்லாம் இவள் மேஜையில்தான் நடக்கும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பஸ் பிடிக்கவில்லை. மார்ச்சுக்குள் லைசென்ஸ் கிடைத்தால் வேலையில் தொடர்வது, இல்லாவிட்டால் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தாள். பழைய சின்னக் கார் ஒன்றையும் வாங்கி வாசலில் நிறுத்தியாயிற்று. எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் வரும்.

எங்கள் ஊரில் கார் ஓட்டக் கற்றுத் தருபவரை ஆசான் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் ஆசானுக்குத் தமிழ் பாதி வரும், மீதியை மலையாளத்தால் நிரப்பிக்கொள்வார். தேர்வில் பெரிய கண்டம் ‘எச்’. மைதானத்தில் நட்ட கம்பிகளுக்கு நடுவே, எச் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் வண்டியை முன்னும் பின்னுமாக ஓட்டவேண்டும். கம்பியைத் தொட்டால் போச்சு. பின்னால் வரும்போது இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மாறிமாறிப் பார்க்கவேண்டும். வலப்பக்கக் கண்ணாடியில் அவளுக்குச் சிரமமே இல்லை. இடப்பக்கத்துக் கம்பியைத்தான் ஒவ்வொரு தடவையும் தட்டினாள்.

“சேச்சி, கழுத்தை வீட்டில வெச்சிட்டு வந்தோ?” என்று கேட்ட ஆசான், கடைசியில் இது பேடிதான், பயம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவளும் நம்பினாள். கார்த்திகை மாதம் முதல் தேர்வுக்குப் போகும்போது பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போனோம். இடப்பக்கக் கம்பி அன்றும் விழுந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில், “எனக்குத் தைரியம் பத்தாதாக்கும். எழுதிக் கொடுத்துடறேன்” என்றாள். அதையும் நேரே பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

கழுத்துக்கு நாங்கள் ஒன்றும் செய்யாமல் இல்லை. சுளுக்கு என்று பிடரியில் ஆயுர்வேதக் குழம்புத் தைலம் தேய்த்தோம், உப்பு ஒத்தடம் கொடுத்தோம். இடது கண்ணுக்கு மேலே தலைவலி வந்ததால் மூக்குக்கண்ணாடியை மாற்றினோம். எழுந்தால் லேசாகத் தலை சுற்றவும் தொடங்கியது. காது டாக்டரிடம் போனோம். அவர் சோதனைகளெல்லாம் செய்து, காதில் குறையில்லை என்றார். அதோடு விடவில்லை. இடதுபுறம் நின்று அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இவள் சுழல் ஸ்டூலோடு திரும்பிப் பதில் சொன்னதைக் கவனித்திருக்கிறார். உடனே மாடியிலுள்ள பிசியோதெரபி பிரிவுக்குப் போகச் சொன்னார்.

அங்கே இருந்தது ஒரு மலையாளப் பெண். என் மனைவியைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, முகத்தை வலப்பக்கம் திருப்பச் சொன்னாள். இடது காதின் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை ஒரு கயிறு போலத் தசை எழும்பி நின்றது. மூலையில் உட்கார்ந்திருந்த நானும் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முகம் வலது பக்கம் போகிறது, இழுப்பதோ இடது பக்கத்துத் தசை! இத்தனை வருஷமாகத் தோளுக்கு மேலே சுமக்கிற கழுத்தைப் பற்றி இதுகூடத் தெரியாமல்தான் இருந்திருக்கிறேன்.

நெஞ்செலும்பு, காறை எலும்பு, காதுக்குப் பின்னால் உள்ள மேடு, மூன்றின் பெயரையும் சேர்த்து அந்தத் தசைக்கு ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தால் தலை குனியும். ஒன்று மட்டும் இழுத்தால் தலை அதன் பக்கம் சாயும், முகம் மறுபக்கம் திரும்பும். அது குறுகி இறுகிப்போனால் முகத்தைத் தன் பக்கம் வரவிடாது. நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் காதைச் சுற்றியும் வலியைக் கொண்டுபோய்ப் போடும், சில பேருக்குத் தலையும் சுற்றும். எல்லாத் தலைசுற்றலும் இதனால் வருவதில்லை, அதனால்தான் காதை முதலில் பார்த்தது நல்லது என்றும் அந்தப் பெண் சொன்னாள். பிறகு, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவீர்கள் என்று கேட்டாள்.

பஸ்ஸில், இடப்பக்கம் என்றாள் என் மனைவி. பெண்களுக்கான இருக்கைகள் முன்பக்கம் இடது வரிசையில். ஜன்னலோரம் கிடைத்தால் ஷட்டர் கம்பியில் தலையைச் சாய்த்து நெடுமங்காடு வரை தூக்கம். சாயங்காலமும் அதே வரிசை, அதே பக்கம். மூக்குக்கண்ணாடி மாற்றிய நாள் எனக்குத் தெரியும், கார் வந்த நாள் தெரியும். தினமும் நடந்ததால் இந்தத் தூக்கம் மட்டும் என் கணக்கில் வரவேயில்லை.

“அப்போ இது பயமில்லையா?” என்று கேட்டாள் என் மனைவி.

“பயமும் இருக்கலாம் சேச்சி. அது என் டிபார்ட்மென்ட் இல்லை” என்றாள் அந்தப் பெண்.

பயிற்சி எளிமையானதுதான். இடது காறை எலும்பைக் கையால் அழுத்திக்கொண்டு, தலையை வலப்பக்கம் சாய்த்து, முகத்தை மெதுவாக இடப்பக்கம் கொண்டுவந்து கொஞ்சம் நிறுத்தவேண்டும். வெட்டி இழுக்கக்கூடாது, வலித்தால் விட்டுவிடவேண்டும். பஸ்ஸில் வலது வரிசைக்கு மாறினாள். லேடீஸ் சீட் காலியாக இருக்கிறதே என்று கண்டக்டர் தினமும் நினைவுபடுத்தினாராம்.

அவளுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று சாப்பாட்டு மேஜையில் என் நாற்காலியை வலப்பக்கம் மாற்றப்போனேன். விடவில்லை. “அங்கேயே இருங்கோ. உங்களைப் பாக்கறதுதான் எனக்கு எக்சர்சைஸ்” என்றாள். மார்கழியில் ஒருநாள், என் காது தெரிகிறது என்றாள். தை பிறந்ததும், மூக்கு வரை வந்தாச்சு என்றாள். தலைவலி எப்போது நின்றது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. ஒருநாள் யோசித்தபோது அது இல்லை. அந்த மாதக் கடைசியில் தோசை தட்டில் விழும்போது இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன. நான் வாயை மூடாமல் மெல்லுவதாகக் குற்றச்சாட்டும் கூடவே வந்தது.

மாசி மாதம் இரண்டாவது தேர்வு. மைதானத்து ஓரம் ஆசானும் நானும் நின்றிருந்தோம். பின்னால் வரும்போது அவள் முகம் இடப்பக்கக் கண்ணாடியை நோக்கித் திரும்பியது, உடம்பு அசையவில்லை. கம்பிகளும் அசையவில்லை. “கழுத்து வந்நு, வந்தாச்சு” என்றார் ஆசான்.

விருப்ப ஓய்வுப் பேச்சு அதோடு போயிற்று. பங்குனியில் ஒரு சனிக்கிழமை, அவள் ஓட்டிய காரில் பக்கத்தில் உட்கார்ந்து வித்துரா வரை நானும் போனேன். நெடுமங்காடு தாண்டியதும், மழையில் சாய்ந்த ரப்பர் மரம் ஒன்றைப் பார்க்க முன்னால் குனிந்தேன். அவள் இடப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“இடப்பக்கக் கண்ணாடி மறையறது. நேரே உக்காருங்கோ” என்றாள்.

நேரே உட்கார்ந்தேன்.