முதலடி எல்லம்மாவுக்கு

அம்மாவாசை வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, ஒரு காதைக் கையால் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பிக்கிறார். அவர் வேலை அவ்வளவுதான். மற்றபடி ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொடமாட்டார், மகராசன். புதுச்சேரிக் கடற்கரையில் அலையைத் தடுக்க லாரியில் கொண்டுவந்து கொட்டும் பாறாங்கற்களை வடம் போட்டு இழுத்து அடுக்குகிற கூட்டம் இது. இழுக்கிறவர்களில் அவர் சம்சாரம் வீராயியும் ஒருத்தி.

"வாய்க்குக் கூலி வாங்கறதுல வக்கீலை உட்டா எங்க ஊட்டுக்காரருதான்" என்று பத்திரிகைக்கு எழுதப் போன என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

இவர்களுக்கு ஊர் வானூருக்கு அப்பால், ஒரு கல்குவாரி ஓரம். தங்களுக்குள் பேசுவதும் பாடுவதும் தெலுங்கு. கடைக்காரருக்கும் கான்ட்ராக்டருக்கும் மட்டும் தமிழ். பாட்டுக்காரர் வாயைத் திறக்காமல் ஒரு கல் நகர்ந்ததாக அவர்கள் சரித்திரத்திலேயே கிடையாது. மத்தியானம் லாரி நிழலில் கூழ் குடித்ததும் பாட்டுப் போட்டி நடக்கும். தோற்றவர் அத்தனை பேருடைய தூக்குச்சட்டியையும் கழுவ வேண்டும். சட்டி கழுவச் சோம்பல்பட்டுத்தான் தான் புலவனானதாக அம்மாவாசையே ஒப்புக்கொள்கிறார்.

எந்தப் பாட்டானாலும் முதலடி குலதெய்வம் எல்லம்மாவுக்கு. மிச்ச அடியெல்லாம் கான்ட்ராக்டர் கலியபெருமாளுக்கு. அவருடைய தொப்பை முதலில் வேலைக்கு வந்து சேருகிறது, அவர் சாவகாசமாகப் பின்னால் வருகிறார் என்று ஒரு அடி. மாமியார் வீட்டில் நாய் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவருக்கு இலை போடுகிறார்கள் என்று இன்னொன்று. அதற்கு மேல் உள்ளவற்றைப் பத்திரிகையில் போட ஆசிரியர் சம்மதிக்கமாட்டார். தெலுங்கு தெரியாத கலியபெருமாளோ, எல்லம்மா பெயரைக் கேட்டதும் கைகூப்பி நிற்பார். தன் ஆட்களுக்கு எத்தனை பக்தி என்று வீட்டில்கூடச் சொல்லி மெச்சிக்கொள்வாராம்.

போன சித்திரையில் வேலையைப் பார்வையிடப் புது இன்சினியர் வந்தார். யானைக்குட்டி மாதிரி ஒரு கல் பாதிச் சரிவில் நின்றது. முதலடி பாடியாயிற்று. அந்த நேரம் பார்த்து இன்சினியர் தன் டிரைவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார், சுத்தமான தெலுங்கில். மனிதர் ஏனாம்காரர்! புதுச்சேரி அரசாங்கத்துக்குக் கோதாவரிக் கரையிலும் ஒரு ஊர் இருப்பது அம்மாவாசைக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்சினியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டமே மூட்டை கட்ட வேண்டியதுதான். மழைக்காலம் வரை அத்தனை வீட்டு அடுப்பும் இந்தக் கடற்கரையை நம்பித்தான் எரிகிறது. சரி, வேறு பாட்டுக்குத் தாவலாமென்றால் அதுவும் நடக்காது. கல்லை எந்தப் பாட்டில் எடுத்தார்களோ அதே பாட்டில்தான் இறக்க வேண்டும். நடுவில் மாற்றினால் இழுக்கிறவர்களின் கால் பின்னிக்கொள்ளும், கல் உருண்டு அவர்கள் மேலேயே வரும். வடத்தின் முன்முனையில் நின்றவள் வீராயி. நிறுத்தித் தொலைக்காதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

வந்தது வரட்டும் என்று அம்மாவாசை தொப்பையை எடுத்தார். 'ஐசா' என்று பதில் கொடுத்தவர்களின் குரல் பாதியாக இறங்கிவிட்டது. அடுத்து நாய் வந்தது. இன்சினியர் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பிடித்திருந்த குடை ஆடியது.

கலியபெருமாள் பூரிப்போடு பக்கத்தில் போனார். "எல்லம்மா பாட்டு சார். தெனம் பாடுவாங்க. உங்களுக்கு அர்த்தம் எதுனா தெரியுதுங்களா?"

கல் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. வடத்தில் இருந்தவர்களின் காதெல்லாம் இன்சினியர் பக்கம்.

இன்சினியர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "ரொம்ப சக்தியுள்ள பாட்டுங்க. செருப்பு போட்டுக்கிட்டுக் கேக்கக் கூடாது."

கலியபெருமாள் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உச்சி வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. கூப்பிய கையை இறக்காமல், காலை மட்டும் மாற்றி மாற்றித் தூக்கினார்.

கல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வடத்தை விட்டுவிட்டார்கள். அம்மாவாசை ஒரு கண்ணை மட்டும் திறந்து அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் நிதானமாக இழுத்து, அடுத்த அடியை எடுத்தார்.